வெண்ணெய்க்கு ஓர் அனுமதிக் கடிதம்

ஜெர்மனியின் கிழக்கே, எல்பே ஆற்றங்கரையில் உள்ள டிரெஸ்டன் நகரில் டிசம்பர் மாதத்தின் வார இறுதிகளுக்குத் தனியான ஒரு வாசம் உண்டு. உருகிய வெண்ணெய், ஏலம், ஜாதிபத்திரி, ரம்மில் ஊறிய உலர்திராட்சை எல்லாம் கலந்த வாசம் அது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தில், ஒவ்வொரு ஞாயிறன்றும் வீட்டில் ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றப்படும். சனிக்கிழமைகளில் மாவு பிசைவார்கள். பிள்ளைகள் தகர அச்சுகளால் நட்சத்திரங்களையும் பிறைகளையும் வெட்டி எடுப்பார்கள். ஞாயிறு மாலை பாட்டி, தாத்தா, அத்தை, மாமா என்று உறவினர் கூடிக் காப்பி அருந்துவார்கள். 'ஷ்டோலன்' எனப்படும், வெண்சர்க்கரை போர்த்திய நீள்வட்ட ரொட்டி அந்த மேசையின் நடுவில் இருக்கும். துணியில் சுற்றிய குழந்தை இயேசுவின் உருவம் அது என்பார்கள்.

பார்ப்பவருக்கு இது காலங்காலமாக இப்படியே நடந்துவருவது போலத் தோன்றும். பண்டிகைகளுக்கே உரிய மாயம் அது. சென்ற தலைமுறையில் தொடங்கிய ஒன்றைக்கூட ஆதியிலிருந்தே இருந்தது போல அவை காட்டிவிடும். ஆனால் இந்த மேசையைச் சற்று நெருங்கிப் பார்த்தால், அதில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் சாதாரண மனிதருக்கு மறுக்கப்பட்டிருந்தது தெரியவரும். வெண்ணெய் விலக்கப்பட்டிருந்தது. சர்க்கரை எட்டாத உயரத்தில் இருந்தது. வீட்டில் அடுப்பு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சனிக்கிழமை அவர்களுடையதாக இல்லை. இவை ஒவ்வொன்றும் எப்படி அந்த மேசைக்கு வந்து சேர்ந்தன என்பதைத்தான் இங்கே நாம் பார்க்கவிருக்கிறோம்.

நோன்பின் ரொட்டி

ஷ்டோலனைப் பற்றிய பழைய பதிவுகளில் முக்கியமானது 1474-ஆம் ஆண்டுக்குரியது. டிரெஸ்டனில் இருந்த புனித பர்த்தலோமேயு மருத்துவமனையின் கணக்கில் 'கிறிஸ்து ரொட்டி' என்ற பெயர் வருகிறது. இன்றைய ஷ்டோலனைச் சுவைத்தவர் எவருக்கும் அன்றைய ரொட்டி பெருத்த ஏமாற்றமாக இருந்திருக்கும். அது நோன்பு காலத்து உணவு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள் இன்று தின்பண்டங்களின் பருவம்; மத்தியகால ஐரோப்பாவில் அவை ஒறுத்தலின் பருவம். நம்மூர்க் கத்தோலிக்கர் 'சுத்தபோசனம்' என்று சொல்வதைவிடக் கடுமையான விலக்குகள் அப்போது இருந்தன. இறைச்சி மட்டுமல்ல, பாலும் வெண்ணெயும் கூட விலக்கு. மாவு, தண்ணீர், புளிக்கவைக்கும் நொதி, கொஞ்சம் எண்ணெய் ஆகியவற்றைக் கொண்டு செய்யப்பட்ட வறண்ட பண்டமாகவே கிறிஸ்து ரொட்டி இருந்தது.

இங்கே எண்ணெய் என்ற சொல்லில் ஒரு புவியியல் அநீதி ஒளிந்திருக்கிறது. நோன்பின் விதிகள் ஆலிவ் மரங்கள் வளரும் மத்தியதரைக்கடல் நாடுகளின் பழக்கத்தில் வேர்கொண்டவை. ரோமில் இருப்பவர் வெண்ணெயைத் துறப்பது பெரிய துறவல்ல. அவர் கையில் நல்ல ஆலிவ் எண்ணெய் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே ஆலிவ் வளராது. அங்கே கைக்கு எட்டியது கடுகினத்தைச் சேர்ந்த செடிகளின் விதைகளிலிருந்து பிழிந்த எண்ணெய். விளக்கெரிக்கப் பயன்பட்ட அந்த எண்ணெயின் கசப்பும் வீச்சமும் பெயர் பெற்றவை. அந்த வித்துக்களில் சமையலுக்கு இசைவான ரகங்கள் உருவானதே 1970-களில்தான். ஒரே விதி, ஆனால் அதன் பாரம் தெற்கில் ஒரு மாதிரியும் வடக்கில் வேறு மாதிரியும் விழுந்தது.

சாக்ஸனியின் ஆட்சியாளர்களான எர்ன்ஸ்ட், ஆல்பிரெக்ட் சகோதரர்கள், தம் நாட்டில் எண்ணெய் அரிது, கிடைப்பதும் நல்லதல்ல, ஆகவே வெண்ணெய்க்கு அனுமதி வேண்டும் என்று ரோமுக்கு விண்ணப்பித்தார்கள். அனுமதி எளிதில் கிட்டவில்லை. விண்ணப்பித்த இருவரில் மூத்தவரான எர்ன்ஸ்ட் 1486-இல் இறந்தும் போனார். 1491-இல்தான் போப்பாண்டவர் எட்டாம் இன்னொசென்ட் இசைந்தார். வரலாற்றில் 'வெண்ணெய்க் கடிதம்' என்று பெயர் பெற்ற ஆவணம் இது.

கடிதம் இலவசமாக வரவில்லை. நோன்பில் வெண்ணெய் உண்ண விரும்புவோர் அதற்கு ஈடாகக் காணிக்கை செலுத்தவேண்டும். அப்படிச் சேர்ந்த 'வெண்ணெய்க் காசு' ஃப்ரைபெர்க் நகரின் பேராலயக் கட்டுமானத்துக்குப் போனது. ஃப்ரைபெர்க் வெள்ளிச் சுரங்கங்களின் ஊர். 'ஷ்டோலன்' என்ற சொல்லுக்கே சுரங்கத்தின் நுழைவழி என்றும் ஒரு பொருள் உண்டு. பிரான்சின் ரூவான் நகரப் பேராலயத்தில் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் எழத் தொடங்கிய ஒரு கோபுரத்துக்கு இன்றும் 'வெண்ணெய்க் கோபுரம்' என்றே பெயர். அதுவும் நோன்பில் வெண்ணெய் உண்ணும் உரிமைக்காக மக்கள் கொடுத்த பணத்தோடு தொடர்புபடுத்தப்படுவது. நாக்கின் சிறிய ஆசைகள் கல்லாகி நிமிர்ந்து நிற்கின்றன என்று சொல்லலாம்.

இந்த வணிகத்தில் இருந்த கசப்பு மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டிருந்தது. வெண்ணெய்க் கடிதம் வந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1520-இல், அதே சாக்ஸனி மண்ணிலிருந்து மார்ட்டின் லூதர் ஜெர்மன் பிரபுக்களுக்கு ஒரு நூல் எழுதினார். அதில் அவர் வெண்ணெய் விவகாரத்தையும் விட்டுவைக்கவில்லை. காலணிக்குப் பூசக்கூட ரோமாபுரியார் தொடமாட்டாத எண்ணெயை நம்மை உண்ணச் செய்துவிட்டு, வெண்ணெய் உண்ணும் சுதந்திரத்தை நமக்கே விலைக்கு விற்கிறார்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம். சீர்திருத்த இயக்கத்தை நாம் பெரும்பாலும் இறையியல் பூசலாகவே படித்திருக்கிறோம். பாவமன்னிப்புச் சீட்டுகளைப் பற்றிப் பேசாத பாடநூல் இல்லை. வெண்ணெயைப் பற்றிப் பேசும் பாடநூல் அரிது. ஆனால் ஒவ்வொரு டிசம்பரிலும் அடுக்களையில் நின்று அந்தக் கசப்பு எண்ணெயைக் கையாண்டவர்களுக்கு, அந்த வாதம் இறையியலைவிட விரைவாகப் புரிந்திருக்கும்.

அரசனின் ரொட்டி

லூதரின் வழி சாக்ஸனியில் வென்றபின் நோன்பு விதிகள் தளர்ந்தன. வெண்ணெய்க்குத் தடை நீங்கியது. ஆயினும் தடை நீங்குவதும் பண்டம் கிடைப்பதும் ஒன்றல்லவே. வெண்ணெய், பாதாம், உலர்திராட்சை எல்லாம் சேர்ந்த செழுமையான ரொட்டி செல்வர் வீட்டுப் பண்டமாகவே நீடித்தது. சுமார் 1560 முதல் டிரெஸ்டனின் ரொட்டிக் கைவினைஞர்கள் கிறிஸ்துமஸ் தோறும் ஆட்சியாளருக்கு முப்பத்தாறு பவுண்டு எடையுள்ள ஷ்டோலன்களைக் காணிக்கையாகக் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கமாயிற்று. எட்டுத் தலைமை வினைஞர்களும் எட்டு உதவி வினைஞர்களும் அதை ஊர்வலமாகச் சுமந்து செல்வார்கள். 1918-இல் சாக்ஸனியின் முடியாட்சி முடியும்வரை இவ்வழக்கம் இருந்தது.

அரசனும் ரொட்டியும் சேர்ந்த கதைகளில் பெரிது 1730-ஆம் ஆண்டுக்குரியது. 'வலியவன்' என்று பெயர் பெற்ற அகஸ்டஸ் மன்னன், டிரெஸ்டனுக்கு வடமேற்கே சைட்ஹைன் என்ற ஊரருகே பெரும் படைமுகாம் ஒன்றை நடத்தினான். படைப்பயிற்சி, இசைநாடகம், வாணவேடிக்கை, விருந்து என்று ஏறத்தாழ ஒரு மாதம் நடந்த அந்தக் கேளிக்கையின் உச்சமாக ராட்சதக் கேக் ஒன்று சுடப்பட்டது. ஸகாரியாஸ் என்ற வினைஞரின் மேற்பார்வையில், அதற்கென்றே கட்டிய அடுப்பில் வெந்த அதன் எடை 1.8 டன் என்றும், 24,000 பேருக்குப் பங்கிடப்பட்டது என்றும் சொல்வார்கள். எட்டுக் குதிரைகள் இழுத்த வண்டியில் வந்த அதைத் தச்சர் ஒருவர் 1.60 மீட்டர் நீளமுள்ள கத்தியால் வெட்டினாராம்.

ஒன்றை இங்கே கவனிக்கவேண்டும். இது நடந்தது டிசம்பரில் அல்ல, ஜூன் மாதத்தில். கிறிஸ்துமஸுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் 1994 முதல் டிரெஸ்டனில் இரண்டாம் திருவருகை ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமையன்று ஷ்டோலன் திருவிழா நடக்கிறது. அகஸ்டஸின் கேக்கை நினைவூட்டும் பிரம்மாண்டமான ஷ்டோலன் ஒன்று குதிரை வண்டியில் நகர்வலம் வருகிறது. அந்தப் பெருங்கத்தியின் நகலும் கூடவே வருகிறது. உண்மையான டிரெஸ்டன் ஷ்டோலனின் பொன்னிற முத்திரையில் இருப்பதும் குதிரையேறிய அகஸ்டஸின் உருவம்தான். ஒரு கோடைகாலப் படைமுகாமின் கேக் இப்படிக் குளிர்காலத் திருவிழாவாக மாறியிருக்கிறது. மரபு என்பது நினைவின் தொடர்ச்சியாக இருப்பதைப் போலவே, நினைவின் மறுசீரமைப்பாகவும் இருக்கிறது.

சைட்ஹைன் முகாமில் இன்னொரு குடும்பக் காட்சியும் நடந்தது. அதைத் திருவிழாக்கள் நினைவுகூர்வதில்லை. பிரஷ்ய மன்னர் ஃபிரடெரிக் வில்லியம் தன் பதினெட்டு வயது மகனோடு விருந்தினராக வந்திருந்தார். அனைவரும் பார்க்க அந்த மகனை அவர் அடித்தார். அவமானம் தாங்காத இளவரசன் ஆகஸ்ட் மாதம் நாட்டைவிட்டுத் தப்ப முயன்று பிடிபட்டான். அவனுக்குத் துணைநின்ற நண்பன் காட்டெ, நவம்பரில் இளவரசனின் சிறைக்கு வெளியே தலை வெட்டப்பட்டான். அந்த இளவரசன்தான் பின்னாளில் 'மகா ஃபிரடெரிக்' எனப்பட்டவர். ஐரோப்பாவின் மிகப்பெரிய கேக் வெட்டப்பட்ட மாதத்தில் ஒரு தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே ஒட்டவே முடியாத ஏதோ ஒன்றும் வெட்டுண்டது.

சைட்ஹைன் என்ற பெயருக்கு இருபதாம் நூற்றாண்டு வேறொரு பொருளையும் கொடுத்துவிட்டது. 1941-இல் நாஜி ராணுவம் அங்கே சோவியத் போர்க்கைதிகளுக்கான முகாமை அமைத்தது. பசியிலும் டைஃபஸ், காசம் முதலிய நோய்களிலும் 25,000 முதல் 30,000 கைதிகள் வரை அங்கே மாண்டார்கள். 24,000 பேருக்குக் கேக் பங்கிட்ட ஊரில், ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் மனிதர்கள் பட்டினி போடப்பட்டு மடிந்தார்கள். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைப்பதைத் தவிர, இதைப் பற்றி நம்மால் வேறொன்றும் சொல்ல இயலவில்லை.

கரிச்சட்டைப் பிள்ளைகள்

டிரெஸ்டனின் கிறிஸ்துமஸ் சந்தை 1434-இலேயே ஆவணங்களில் இடம்பெற்றது. முதலில் அது பண்டிகைக்கு இறைச்சி வாங்குவதற்கான ஒருநாள் சந்தை. ஷ்டோலனின் பழைய பெயரான 'ஷ்ட்ரீட்ஸல்' என்பதைக் கொண்டு 'ஷ்ட்ரீட்ஸல் சந்தை' என்ற பெயர் பின்னர் அமைந்தது. இன்றும் அந்தச் சந்தையில் உலர்ந்த பிளம் பழங்களைக் குச்சிகளில் கோத்துச் செய்த சிறு பொம்மை ஒன்று விற்கும். தலையில் உயர்ந்த தொப்பி, தோளில் ஏணி, கையில் துடைப்பம். வாங்குபவருக்கு அது அதிர்ஷ்டம் தரும் வேடிக்கைப் பொம்மை. அதன் பின்னணி வேடிக்கையானதல்ல.

1653-இல் சாக்ஸனியின் ஆட்சியாளர், ஏழு வயது முதலான சிறுவர்களைப் புகைபோக்கி துடைக்கும் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வழங்கினார். முப்பதாண்டுப் போர் ஓய்ந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்த காலம்; ஊரெங்கும் அநாதைகள். உயர்ந்த புகைபோக்கிகளின் குறுகிய குழாய்க்குள் பெரியவர்களால் நுழைய முடியாது, குழந்தைகளால் முடியும். கரி படிந்த உடம்போடு ஏணியும் துடைப்பமுமாகத் திரிந்த அந்தப் பிள்ளைகளின் உருவம்தான் கறுத்த பிளம் பழத்தில் பொம்மையாயிற்று. பொம்மையைத் தயாரித்து விற்றவர்களும் வறிய வீட்டுப் பிள்ளைகளே. ஓவியர் லுட்விக் ரிஷ்டர் 1853-இல் செதுக்கிய ஒரு மரச்செதுக்கு ஓவியத்தில், டிரெஸ்டன் சந்தையில் பனிக்குளிரில் ஒடுங்கியபடி இந்தப் பொம்மைகளை விற்கும் இரு குழந்தைகளைக் காணலாம். சந்தையில் சிறுவர் விற்பனை 1910 வாக்கில்தான் முடிவுக்கு வந்தது. பண்டிகையின் குதூகலத்துக்குள் ஒரு குழந்தையின் துயரம் உலர்ந்த பழமாகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாங்குபவர் எவரும் அதை அறிந்திருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அறிந்தபின் பொம்மை முன்போல் சிரிப்பதில்லை.

மிளகு, சர்க்கரை, பொடி

ஜெர்மன் கிறிஸ்துமஸ் அடுக்களையில் ஷ்டோலனுக்கு மூத்த உறவினரும் உண்டு. தேனும் வாசனைத் திரவியங்களும் சேர்ந்த மசாலாக் கேக்குகளுக்கு 'மிளகுக் கேக்' என்ற பொதுப்பெயர் இருந்தது. வாசனைப் பொருள் எதையும் 'மிளகு' என்று சொல்லும் வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது. மலபாரின் மிளகும் இஞ்சியும் இலங்கையின் பட்டையும் அலெக்சாண்டிரியா வழியாக வெனிஸுக்குப் போய், அங்கிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி நியூரம்பெர்க் வணிகர்களின் கிடங்குகளை அடைந்தன. அந்நகரைச் சூழ்ந்த காட்டில் தேன் எடுப்போர் இருந்தார்கள். காட்டுத் தேனும் கடல்கடந்த மசாலாவும் சந்தித்த இடம் என்பதாலேயே நியூரம்பெர்க் அந்தக் கேக்குக்குப் பெயர் பெற்றது. 1643-இல் அதைச் செய்வோர் தமக்கெனத் தனிச் சங்கமே அமைத்துக்கொண்டார்கள்.

தேன் இருந்த இடத்துக்குச் சர்க்கரை வந்தது வேறு கதை, இருண்ட கதை. பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பியச் சர்க்கரை கரீபியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. 1747-இல் பெர்லினில் ஆந்திரேயாஸ் மார்க்கிராஃப் என்ற வேதியியலாளர், பீட் கிழங்கில் உள்ள இனிப்பும் கரும்பின் இனிப்பும் ஒன்றே என்று கண்டறிந்தார். அவருடைய மாணவர் அஷார் 1801-இல் சிலேசியாவின் கூனெர்ன் என்ற ஊரில் முதல் பீட் சர்க்கரை ஆலையைத் தொடங்கினார். நெப்போலியனின் கடல்வணிக முற்றுகை கரும்புச் சர்க்கரையின் வரத்தை நெரித்தபோது பீட் கிழங்குக்கு வாழ்வு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனி சர்க்கரையை ஏற்றுமதி செய்யும் நாடாகவே ஆகிவிட்டது. தொழிலாளியின் வீட்டிலும் டிசம்பரில் இனிப்புச் சுட முடியும் என்ற நிலை அப்போதுதான் பிறந்தது.

அடுத்த மாற்றம் ஒரு மருந்துக்கடையிலிருந்து வந்தது. ஈஸ்ட் கொண்டு மாவு பொங்கச் செய்வது பொறுமையும் பழக்கமும் கோருவது. குளிர் மிகுந்தாலோ கொழுப்பு மிகுந்தாலோ அது சோம்பிவிடும். ஷ்டோலனில் மாவில் பாதியளவு வெண்ணெய் இருப்பதால்தான், முதலில் கொஞ்சம் மாவையும் பாலையும் ஈஸ்டையும் மட்டும் கலந்து பொங்கவிட்டு, அது உயிர்பெற்றபின் வெண்ணெயைச் சேர்க்கிறார்கள். இந்தக் கலை கைவராதவர்களுக்கு வேதியியல் உதவிக்கு வந்தது. பேக்கிங் பவுடர் அதற்குமுன்பே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உருவாகியிருந்தது. 1891-இல் பீலஃபெல்ட் நகரில் மருந்துக்கடை வாங்கிய ஆகஸ்ட் ஓட்கர், ஒரு பவுண்டு மாவுக்குச் சரியாகப் போதுமான பொடியைச் சிறு பொட்டலங்களாகக் கட்டிப் பத்து ஃபென்னிக்கு விற்றார். கண்டுபிடிப்பு அவருடையதல்ல, அளவு அவருடையது. அந்த அளவு, ரொட்டி வினைஞரின் கையில் இருந்த ஒரு ரகசியத்தைச் சாதாரண இல்லத்தரசியின் கைக்கு மாற்றியது.

தகரத் தகட்டில் ஒரு பெயர்

ஆனாலும் ஷ்டோலன் மட்டும் முழுமையாக வீட்டுக்குள் வரவில்லை. அதன் உடல் பெரிது. வீட்டு அடுப்பு சிறிது. எனவே சாக்ஸனியில் அழகான வழக்கமொன்று நிலைத்தது. வீட்டார் உலர்திராட்சை, பாதாம், வெண்ணெய், சர்க்கரையில் பக்குவம் செய்த பழத்தோல் எல்லாவற்றையும் அளந்து எடுத்துக்கொண்டு தெருமுனை ரொட்டிக்கடைக்குப் போவார்கள். சில வீட்டார் கலவையைக் கடைக்காரர் பிசைந்து முடிக்கும்வரை அருகிலேயே நிற்பார்கள். தம் வீட்டுப் பாதாம் அடுத்த வீட்டு ரொட்டிக்குள் போய்விடக்கூடாதே! ஒரே அடுப்பில் பல வீட்டு ரொட்டிகள் வேகும்போது எது யாருடையது என்று தெரிவதற்காக, பெயர் பொறித்த சிறு தகரத் தகடுகளை மாவில் குத்திவைப்பார்கள். இந்தத் தகடுகள் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். வெந்த ரொட்டியை வீட்டுக்குச் சுமந்துவரும் வழியில் அது உடைந்துவிட்டால் வரும் ஆண்டுக்கு அது துர்ச்சகுனம்.

1949-க்குப் பின் டிரெஸ்டன் கிழக்கு ஜெர்மனிக்குள் அடங்கியது. பாதாமும் உலர்திராட்சையும் அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கவேண்டிய அரும்பொருள்களாயின. எலுமிச்சையின் இனத்துப் பழத்தோலுக்குப் பதிலாகப் பச்சைத் தக்காளியையும், ஆரஞ்சுத் தோலுக்குப் பதிலாகக் கேரட்டையும் சர்க்கரைப் பாகில் பக்குவம் செய்து சேர்த்தார்கள். நல்ல ஷ்டோலன்களை அரசே மேற்கு நாடுகளுக்கு ஏற்றுமதி செய்து செலாவணி ஈட்டியது.

இந்த நெருக்கடியில்தான் பண்டிகையின் மிக அழகான பரிமாற்றம் நடந்தது. எல்லைக்கு அப்பால் மேற்கு ஜெர்மனியில் இருந்த உறவினர், நவம்பரிலேயே பாதாமும் திராட்சையும் காப்பியும் அடங்கிய பொதிகளை அனுப்புவார்கள். 'அன்பளிப்பு, விற்பனைச் சரக்கல்ல' என்று மேலே எழுதியிருக்கவேண்டும். ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் போன அந்தப் பொதிகளுக்குக் கிழக்கிலிருந்து கிடைத்த கைம்மாறு, அதே பாதாமும் திராட்சையும் உள்ளே வெந்திருக்கும் ஷ்டோலன். கொடுத்தவர் கொடுத்ததையே திரும்பப் பெற்றார். ஆனால் நடுவே ஒருவருடைய ஒருநாள் உழைப்பும் ஊர் அடுப்பின் சூடும் அதில் சேர்ந்திருந்தன. பெறுபவர் என்ற நிலையிலிருந்து கொடுப்பவர் என்ற நிலைக்கு ஏறிக்கொள்ள, கிழக்கில் இருந்தவர்களுக்கு அந்த ரொட்டி ஒரு படியாக இருந்தது. ஷ்டோலன் அதற்குத் தோதான பண்டமும் கூட. சூடாக இருக்கும்போதே உருக்கிய வெண்ணெயைத் தடவி, மேலே சர்க்கரையைக் கெட்டியாகப் போர்த்திவிட்டால் ஈரம் வெளியேறாது. இரண்டு மூன்று வாரம் இருக்க இருக்கச் சுவை கூடும். சுங்கச் சாவடிகளின் தாமதத்தை அது பொறுத்துக்கொள்ளும்.

சனிக்கிழமை யாருடையது?

வெண்ணெயும் சர்க்கரையும் வந்தன, நேரம்? ஞாயிறு ஓய்வே உழைப்பாளிகளுக்குச் சட்டமாகக் கிடைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். ஜெர்மனியில் 1891-ஆம் ஆண்டின் தொழில் சட்டத் திருத்தம் அதைக் கொணர்ந்தது. அதிலும் திருவருகைக் காலம் விலக்காயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மூன்று ஞாயிறுகளில் கடைகள் திறந்திருந்தன. வியாபாரம் பெருகப் பெருக அவற்றுக்குச் செம்பு, வெள்ளி, பொன் ஞாயிறு என்று பெயரும் வந்தது. கடை ஊழியருக்கு அவை ஓய்வில்லாத ஞாயிறுகள்.

சனிக்கிழமையோ முழு வேலைநாள். 1956-இல் மேற்கு ஜெர்மனியின் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஐந்துநாள் வேலைவாரத்துக்காகப் புகழ்பெற்ற ஒரு சுவரொட்டியை வெளியிட்டது. அதில் ஒரு சிறுவன், சனிக்கிழமைகளில் அப்பா எனக்கே சொந்தம் என்கிறான். 1960-களின் நடுவில்தான் பெருந்தொழில்களில் அது நடைமுறைக்கு வந்தது. கிழக்கு ஜெர்மனியில் 1967 ஆகஸ்டில் சனிக்கிழமை விடுமுறையாயிற்று. ஆனால் அதற்கு ஈடாக ஈஸ்டர் திங்கள் உள்ளிட்ட பல விடுமுறைகள் பறிக்கப்பட்டன. பிள்ளைகள் 1990 வரை சனிக்கிழமையும் பள்ளிக்குப் போனார்கள். ஆக, நாம் முதலில் பார்த்த அந்த டிசம்பர் வார இறுதி, குடும்பம் முழுவதும் கூடி மாவு வெட்டும் அந்தக் காட்சி, அறுபது ஆண்டுகளுக்கு முன்புதான் சாத்தியமாகத் தொடங்கியது.

சுவரொட்டியில் அப்பா இருக்கிறார், மகன் இருக்கிறான். அம்மா இல்லை. அப்பாவின் ஓய்வுநாள் அம்மாவின் அடுப்புநாளாக ஆனதை அந்தச் சுவரொட்டி சொல்லவில்லை. கிழக்கு ஜெர்மனியில், பிற்காலத்தில் உழைக்கும் வயதுப் பெண்களில் பத்தில் ஒன்பது பங்கினர் வேலையிலோ படிப்பிலோ இருந்தார்கள். மணமான உழைக்கும் பெண்களுக்கு 1952 முதல் மாதம் ஒருநாள் 'வீட்டுவேலை நாள்' என்று ஊதியத்தோடு விடுப்பு தரப்பட்டது. சலுகைதான், ஆனால் வீட்டுவேலை யாருடையது என்பதற்கு அரசு குத்திய முத்திரையும் அதுவே. தாயிடமிருந்து மகளுக்குப் போன தகரத் தகட்டில் பொறித்திருந்தது குடும்பப் பெயர். மணமான பெண்ணுக்கு அது பெரும்பாலும் கணவனின் பெயர்.

இந்த வரலாறு முடிந்துவிடவில்லை. 2009 டிசம்பர் முதல் நாளன்று ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளிலும் கடைகளைத் திறக்க பெர்லின் மாநிலம் அளித்த பொது அனுமதி செல்லாது என்றது அது. வழக்குத் தொடுத்தவை கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் திருச்சபைகள். தொழிற்சங்கங்களும் ஞாயிறு ஓய்வுக்காகவே பேசிவந்தன. ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் வெண்ணெய்க்குக் காசு வாங்கிய திருச்சபையும், அதை எதிர்த்துப் பிறந்த திருச்சபையும் ஒன்றாக நின்று, கடை ஊழியரின் ஞாயிற்றுக்கிழமையைக் காக்க வாதாடின. வரலாற்றுக்குச் சில சமயம் இப்படியும் ஒரு நகைச்சுவை உணர்வு வாய்த்துவிடுகிறது.

டிரெஸ்டன் ஷ்டோலனுக்கு 2010-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. நூறு பங்கு மாவுக்குக் குறைந்தது ஐம்பது பங்கு வெண்ணெய் இருக்கவேண்டும் என்கிறது அதன் விதி. ஒருகாலத்தில் வெண்ணெய் இருந்தால் அது பாவம். இன்று வெண்ணெய் குறைந்தால் அது போலி. இரண்டு விதிகளுக்கும் நடுவே வாழ்ந்து மறைந்த எண்ணற்றவர்களின் பசியும் ஆசையும் உழைப்பும்தான் நாம் பண்டிகை என்று அழைப்பது. அந்த மேசையில் ஒரு துண்டு எடுத்துக்கொள்பவர், அதை யார் பிசைந்தார், அவருக்கு இன்று ஓய்வுண்டா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். அந்தக் கேள்விக்கு எவரிடமும் அனுமதிக் கடிதம் வாங்கவேண்டியதில்லை.